சிப்பி மார்க்கின் வயது

கோயம்புத்தூர்
06-01-2025

அன்புள்ள மாமாவுக்கு,

சரண்யாதேவி எழுதுவது. நான் இங்கே நலம். உங்களுக்கும் அத்தைக்கும் மழைக்காலத்து இருமல் இந்நேரம் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

போனில் கேட்காமல் கடிதம் எழுதுகிறாளே என்று கோபப்படாதீர்கள். போனில் கேட்டுப் பார்த்தாயிற்று. ஒன்றரை மணி நேரம் பேசினீர்கள். வைத்த பிறகு என் நோட்டில் ஒரு வருஷம்கூட உருப்படியாக மிஞ்சவில்லை. வக்கீலும் உங்கள் கைப்பட எழுதியதுதான் வேண்டும் என்கிறார்.

விஷயம் இதுதான். எங்கள் கம்பெனியின் மருந்தடிக்கிற மிஷின், களை எடுக்கிற மிஷின் எல்லாவற்றிலும் இருக்கும் சிப்பிப் படம் தங்களுடையது என்று கோவில்பட்டிப் பக்கத்துக் கடல்ராணி அக்ரோ கேஸ் போட்டிருக்கிறது. யார் முதலில் போட்டார்களோ அவர்களுக்குத்தான் சிப்பி. தோற்றால் குடோனில் இருக்கிற ஆறாயிரம் மிஷினிலும் அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். நம் பக்கத்து விவசாயி எவருக்கும் கம்பெனி பெயர் தெரியாது. கடையில் போய் "சிப்பி மிஷின் இருக்கா" என்றுதான் கேட்கிறார்கள்.

போன வருஷம் சிப்பியை எடுத்துவிட்டு இரண்டு இங்கிலீஷ் எழுத்தைப் போடலாம் என்று ஆபீஸில் பேச்சு வந்தபோது, சண்டை போட்டு நிறுத்தியவள் நான். இதை வரைந்தவரே என் தாய்மாமாதான், அவர் வந்து சாட்சி சொல்வார் என்றும் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

சிப்பியை எந்த வருஷம் வரைந்தீர்கள், பிறகு எந்தெந்த வருஷம் எப்படியெல்லாம் விளம்பரம் செய்தீர்கள் என்று வருஷவாரியாக எழுதுங்கள். நடந்ததை மட்டும் எழுதுங்கள் மாமா.

அத்தைக்கு என் அன்பு.
சரண்யாதேவி


தூத்துக்குடி
28-01-2025

என் அருமை மருமகளுக்கு மாமா செந்தூர்பாண்டி ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

செந்திலாண்டவன் புண்ணியத்தில் எல்லாரும் சௌக்கியம். இருமல் உன் அத்தைக்குத்தான். என்னிடம் வர இருமலுக்குப் பயம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

கேட்க வேண்டிய ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய். விளம்பரம் என்ற ஒன்றை இந்த ஜில்லாவுக்குக் கொண்டுவந்ததே நான்தான். அதற்கு முன்னால் ஏதோ விற்றார்கள், ஏதோ வாங்கினார்கள்.

1983 என்று எழுதிக்கொள். உங்கள் எம்.டி.யின் அப்பா, பெரிய முதலாளி செல்வதுரை, தகரக் கொட்டகையில் பித்தளைத் தெளிப்பான் செய்துகொண்டிருந்தார். தங்கத்தாய் இன்ஜினியரிங் என்று அவருடைய அம்மா பெயர் வைத்திருந்தார். நல்ல சரக்கு, ஆனால் நாலு பேருக்குத் தெரியாத சரக்கு. என்னைக் கூப்பிட்டனுப்பினார். அழுதார் என்றே வைத்துக்கொள். "ஏலே பாண்டி, இதுக்கு ஒரு மொகம் நீதாம்ல குடுக்கணும்" என்றார். மூன்று நாள் தவணை கேட்டேன். முத்துக் குளிக்கிறவர்களோடு தோணியில் போய், பதினாலு பாகம் ஆழத்தில் முங்கி, வாய் திறந்து கிடந்த சிப்பியை நேரில் பார்த்துவிட்டு வந்துதான் தூரிகையைத் தொட்டேன்.

சுவர் எழுதுவதற்கு ஒரு முறை உண்டு. ரோட்டைப் பார்த்த சுவரை எங்களுக்குக் கொடுங்கள், மற்ற மூன்று பக்கத்துக்கும் நாங்களே வெள்ளையடித்துத் தருகிறோம் என்று வீட்டுக்காரரிடம் கேட்போம். பொங்கலுக்கு முந்தின மாதம் யார் வேண்டாம் என்பார்கள்? தூத்துக்குடியிலிருந்து ஆழ்வார்திருநகரி வரைக்கும் சிப்பி, சிப்பி, சிப்பி. ரோட்டோரம் மாடு படுத்தாலும் என் சிப்பிக்கு அடியில்தான் படுக்கும். ஏரலில் ஒருவர் மகள் கல்யாணப் பந்தலையே என் சுவரை மறைக்காமல்தான் போட்டார்.

இதைப் படித்தால் ஜட்ஜ் எழுந்து நின்றுவிடுவார். வேறு ஏதும் வேண்டுமானால் கேள்.

உன் மாமா
செந்தூர்பாண்டி


கோயம்புத்தூர்
10-02-2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். அத்தைக்கு இருமல் என்றால் டாக்டரிடம் காட்டுங்கள், பனங்கற்கண்டோடு நிறுத்த வேண்டாம்.

உங்கள் கடிதத்தை வக்கீல் படித்தார். பதினாலு பாகம் என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அரசாங்கம் நடத்திய முத்துக்குளிப்பு 1961-லேயே நின்றுவிட்டதாம். அப்போது நீங்கள் பிறக்கவே இல்லை மாமா. நீங்கள் எந்தத் தோணியில் போனீர்கள்?

அடுத்தது 1983. கம்பெனி பதிவானதே 1986 ஆவணியில்தான். இல்லாத கம்பெனிக்கு மூன்று வருஷம் முன்னாலேயே எப்படி வரைந்தீர்கள்? ஜட்ஜ் எழுந்து நிற்க மாட்டார், நம்மைத்தான் எழுப்பி வெளியே அனுப்புவார். கடிதத்தில் வக்கீல் அடித்தது போக மிஞ்சியது, மூன்று பக்கம் வெள்ளையடித்துக் கொடுத்த விஷயம் மட்டும்தான். அது நன்றாக இருக்கிறது என்றார். அந்த மாதிரி எழுதுங்கள்.

கேள்வி இரண்டுதான். சுவருக்குப் பிறகு என்ன விளம்பரம் செய்தீர்கள்? 1995-லிருந்து 2003 வரை என்ன நடந்தது? அந்த எட்டு வருஷத்துக்கு ஆபீஸில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

கெஞ்சிக் கேட்கிறேன்.
சரண்யாதேவி


தூத்துக்குடி
27-02-2025

அருமை மருமகளுக்கு,

அத்தை டாக்டரிடம் போய்வந்தாள். என்னைப் பார்த்துவிட்டு, உங்களுக்கென்ன ராஜா மாதிரி இருக்கிறீர்கள் என்றார் டாக்டர். நான் கேட்கவே இல்லை, அவராகச் சொன்னார்.

வக்கீலுக்கு நீச்சல் தெரியாது போலிருக்கிறது. போகட்டும். 1986 என்றே வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் சௌகரியம்.

சுவருக்குப் பிறகு 1989-இல் ஜீப். மேலே குழாய் ஒலிபெருக்கி, உள்ளே நான். பிசானப் பருவத்து நெல் நடவு முடிந்து பூச்சி விழுகிற சமயமாகப் பார்த்து ஊர் ஊராகப் போவோம். தெளிப்பானில் சலவை நீலத்தைக் கரைத்து, வெள்ளை வேட்டியைக் கொடியில் கட்டி, எவ்வளவு தூரம் சீராக விழுகிறது பாருங்கள் என்று அடித்துக் காட்டுவோம். விவசாயி வாயால் சொன்னதை நம்ப மாட்டான், வேட்டியில் விழுந்த நீலத்தை நம்புவான். ஒரு ஊரில் காற்று திரும்பிப் பஞ்சாயத்துத் தலைவரின் சட்டை முழுக்க நீலம். அவர் கோபப்படாமல் அங்கேயே நாலு தெளிப்பான் வாங்கினார். நாற்பது என்று எழுதினாலும் அவர் ஆட்சேபிக்க மாட்டார்.

1991-இல் தியேட்டர் இடைவேளையில் சிலைடு. 1992-லிருந்து காலண்டர். எல்லாருக்கும் சாமி படம், அடியில் சிப்பி. காயல்பட்டினம் கடைகளுக்கு மட்டும் படம் இல்லாமல் தொழுகை நேரம் அச்சடித்துக் கொடுத்தோம். அங்கே அரிசி மண்டி வைத்திருக்கும் என் சிநேகிதர் காஜா முஹ்யித்தீன் சொன்ன யோசனை அது. நான் சொன்னதாகவே இருக்கட்டும்.

அப்புறம் கேபிள் டிவி வந்தது, ஃபிளெக்ஸ் வந்தது, காலம் ஒரே ஓட்டமாக ஓடிவிட்டது. அதன் பிறகு உனக்கே தெரியும். நாற்பது வருஷம் சிப்பியைத் தவிர வேறொரு மார்க்கை இந்தக் கை தொட்டதில்லை, அதை மட்டும் கொட்டை எழுத்தில் போடச் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
மாமா


கோயம்புத்தூர்
17-03-2025

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லாரும் நலம்தானே. சலவை நீலத்தை வக்கீல் ரசித்துப் படித்தார். நாலு என்பதை நாலாகவே வைத்துக்கொண்டார்.

ஓட்டமாக ஓடிய எட்டு வருஷத்தை நானே தேடினேன். பழைய பீரோவில் 1995-இல் போட்ட உத்தரவு கிடைத்தது. சுவர் விளம்பரம் இனி வேண்டாம், எல்லாவற்றையும் கேபிள் டிவிக்கு மாற்றுகிறோம், ஓவியர் செந்தூர்பாண்டிக்குத் தகவல் சொல்லிவிடவும் என்று சின்ன முதலாளி, அதாவது இப்போதைய எம்.டி., கையெழுத்து. பிறகு 2003-இல் ஃபிளெக்ஸ், 2004-இல் ஆபீஸ் கோயம்புத்தூருக்கு வந்தது, கம்பெனி பெயர் டி.டி. அக்ரோ ஆனது, சிப்பி மட்டும் நாலு கோடாகச் சுருங்கி ஒட்டிக்கொண்டது. இப்போது ரீல்ஸ். உங்களை நிறுத்தியதை எங்களிடம் ஒருநாளும் நீங்கள் சொன்னதில்லை. அதைப் பற்றி இப்போது கேட்கவில்லை.

கேட்க வேண்டியது வேறு. கடல்ராணிக்காரர்கள் கோர்ட்டில் ஒரு போட்டோ கொடுத்திருக்கிறார்கள். நகல் இத்துடன். தேதி இல்லாத பழைய கலர் படம். சுவர் நிறைய நம் சிப்பி, அதே வளைவு, அதே ஏழு வரி. கீழே "கடல்ராணி". மூலையில் "செந்தூர்பாண்டி ஆர்ட்ஸ், 1983".

நமக்கு மூன்று வருஷம் முன்னாலேயே அவர்கள் சிப்பி போட்டார்கள் என்பதற்கு அதுதான் அத்தாட்சியாம். நம் சாட்சியின் கையெழுத்தே அவர்கள் சாட்சி. எனக்குத் தலை சுற்றுகிறது. இது உங்கள் எழுத்தா, இல்லை யாராவது உங்களைப் போல எழுதியிருக்கிறார்களா? உடனே பதில் போடுங்கள்.

சரண்யாதேவி


தூத்துக்குடி
22-03-2025

மருமகளுக்கு,

சௌக்கியம். போட்டோ பார்த்தேன். ஃபோர்ஜரி.

சந்தேகமே வேண்டாம். கடல்ராணி முதலாளி சங்கரலிங்கத்தைப் பற்றி எனக்குத் தெரியாதா? என் எழுத்தைப் பார்த்து எழுதுவதற்கென்றே மதுரையில் இரண்டு ஆர்ட்டிஸ்ட்டுக்கு ஆறு மாதம் பயிற்சி கொடுத்தான் என்று அப்போதே காதில் விழுந்தது. ஒருவனுக்குப் பாதியில் கை நடுக்கம் வந்துவிட்டதாம், நம் எழுத்து அப்படிப்பட்டது. என் "ர்"-ருக்கு மேல் புள்ளி வைரம் மாதிரி நிற்கும். இதில் கடுகு மாதிரி இருக்கிறது.

வக்கீலிடம் தைரியமாகச் சொல். வேறு வேலை இருக்கிறது, இத்துடன் நிறுத்துகிறேன்.

மாமா


கோயம்புத்தூர்
09-04-2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். இந்தத் தடவை ஐந்தே நாளில் பதில் போட்டதற்கு நன்றி.

மதுரை ஆர்ட்டிஸ்ட்டுகளை வக்கீல் விட்டுவிட்டார். ஆனால் ஃபோர்ஜரி என்ற ஒரு சொல் போதும் என்கிறார். முழு வழக்கையும் அதன்மேல்தான் நிறுத்தப் போகிறார். எம்.டி.யிடமும் சொல்லிவிட்டேன். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவர் முகம் தெளிந்தது.

பத்திரம் ஒன்று அனுப்பியிருக்கிறேன். "போட்டோவில் உள்ள கையெழுத்து என்னுடையது அல்ல, அந்தச் சுவரை நான் எழுதவில்லை" என்று சத்தியமாகச் சொல்வதாக இருக்கிறது. நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்புங்கள். மே பத்தாம் தேதிக்குள் கோர்ட்டில் கொடுக்க வேண்டும்.

உங்களை நம்பித்தான் இருக்கிறேன்.
சரண்யாதேவி


தூத்துக்குடி
03-05-2025

அன்பு சரண்யாவுக்கு அத்தை இசக்கிசெல்வி எழுதுவது.

எனக்கு இருமல் தேவலை. நீ சுகமாக இருக்கிறாயா? உன் அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நீ போனில் கேட்கிறபோதெல்லாம் பத்திரம் தபாலில் போய்விட்டது என்று உன் மாமா சொல்கிறாரே, அது போகவில்லை. பீரோவில் சேலைக்கு அடியில் இருக்கிறது. மூன்று வாரமாகத் தினமும் எடுக்கிறார், விரிக்கிறார், பேனா மூடியைக் கழற்றுகிறார், திரும்ப மூடி வைக்கிறார். அவருடைய ஸ்டிக்கர் கடையை நாலு நாளாகத் திறக்கவில்லை. டீக்கடைக்கும் போகவில்லை. பேச்சே இல்லை. வீடு வீடாகவே இல்லை.

நேற்றுக் கேட்டுவிட்டேன். "ஒண்ணுமில்லளா" என்றார். முப்பது வருஷமாக அளக்கிற மனிதர்தான், ஆனால் கையெழுத்துப் போட்டுப் பொய் சொன்னதில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவரை அவசரப்படுத்தாதே. தேதியைத் தள்ளிப்போட முடியுமா என்று பார்.

அத்தை


தூத்துக்குடி
11-05-2025

சரண்யாவுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். பத்திரத்தைத் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்துப் போடவில்லை.

அந்தச் சுவரை எழுதியது நான்தான்.

1995-இல் என்னை நிறுத்தினார்கள். சின்ன முதலாளி ஆள்விட்டுச் சொன்னார், கூப்பிட்டுக்கூடச் சொல்லவில்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வருஷம் தினமும் சாப்பாட்டு வாளியோடு கிளம்பிப் பழைய துறைமுகத்தில் உட்கார்ந்துவிட்டு வருவேன். 1996 மாசியில் சங்கரலிங்கம் தேடி வந்தான். "சிப்பி மாதிரியே எனக்கு ஒண்ணு போடும் அண்ணாச்சி" என்றான். மாதிரி எதற்கு, தகட்டில் வெட்டிய அச்சு என்னிடமே இருந்தது. அதையே வைத்துப் பதினோரு சுவர் எழுதிக் கொடுத்தேன். ஆத்திரம்தான். அப்புறம் பயந்துபோய் நிறுத்திவிட்டேன்.

1983 என்பது அந்தச் சுவர் எழுதிய வருஷம் இல்லை. நான் தொழிலுக்கு வந்த வருஷம் என்று என் பெயருக்குக் கீழே எல்லாச் சுவரிலும் போடுவேன். அதுவும் பொய். 1986-இல்தான் தூரிகை பிடித்தேன், முதல் வேலையே உங்கள் சிப்பிதான். பழைய ஆர்ட்டிஸ்ட் என்றால் மரியாதை தருவார்கள் என்று மூன்று வருஷத்தைக் கூட்டிக்கொண்டேன். எழுதி எழுதி எனக்கே அது நிஜம் மாதிரி ஆகிவிட்டது. கையெழுத்துப் போட்டுப் பொய் சொன்னதில்லை என்று உன் அத்தை எழுதியிருப்பாள். ஜில்லா பூராவும் போட்டிருக்கிறேன். அந்த ஒன்றுதான் இன்று உன் கழுத்தில் வந்து நிற்கிறது.

சிப்பிக்காக நான் கடலில் இறங்கவில்லை. திருச்செந்தூர்க் கோயில் வாசலில் சிப்பி ஒட்டிய கண்ணாடி விற்பார்களே, அதைப் பார்த்து வரைந்தது.

நான் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், எனக்கே தெரியும். அதனால் ஒன்று செய்தேன். போட்டோவில் சுவருக்கு மேலே பிறை மாதிரி மூன்று காற்றுத் துளை தெரிகிறது பார். அது காயல்பட்டினத்தில் காஜா முஹ்யித்தீனின் அரிசி குடோன். இப்போது முன்னால் கடை கட்டி மறைத்துவிட்டார்கள், பார்த்தால் தெரியாது. நேற்றுப் போய் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வார்த்தை கேட்காமல் இரும்புப் பெட்டியைத் திறந்து குடோன் கட்ட அனுமதி வாங்கிய காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். 1994. நகல் இத்துடன். 1983-இல் அந்த இடத்தில் முள்ளுக்காடுதான் இருந்தது, சுவரே கிடையாது.

கோர்ட்டில் எங்கே வந்து சொல்ல வேண்டுமோ சொல்கிறேன். உன் வேலைக்கு ஏதும் ஆகிவிடாமல் பார்த்துக்கொள்.

செந்தூர்பாண்டி


கோயம்புத்தூர்
19-05-2025

மாமாவுக்கு,

நலம். கடிதம் கிடைத்தது. வக்கீல் தவணை வாங்கிவிட்டார்.

கோபம் இருக்கிறது, இல்லையென்று எழுத மாட்டேன். மூன்று கடிதத்தில் கேட்டேன். மதுரையில் பயிற்சி கொடுத்தான் என்று எழுதினீர்களே, அதை நான் எம்.டி.யிடம் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். இப்போது அதே அறைக்குப் போய், அது இல்லை, இது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அவர் உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "அப்பா இருந்திருந்தா பாண்டிய கூப்பிட்டுத்தான் சொல்லியிருப்பாரு" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

வக்கீல் ஒன்றே ஒன்று கேட்டார். இதையெல்லாம் நாலு பேர் முன்னால் நின்று இந்த மனிதர் சொல்வாரா? சொல்வார் என்றேன்.

ஆகஸ்ட் ஆறாம் தேதி. டிக்கெட் எடுத்து அனுப்புகிறேன். அத்தைக்கு நானே தனியாக எழுதுகிறேன்.

சரண்யாதேவி


கோயம்புத்தூர்
07-08-2025

அன்புள்ள அத்தைக்கு,

நலமாக இருப்பீர்கள். மாமாவை ராத்திரி ரயில் ஏற்றிவிட்டேன், இது வருவதற்கு முன்னால் அவரே வந்திருப்பார். என்னவெல்லாம் சொல்வாரோ தெரியாது. நடந்ததை நீங்கள் என்னிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன்.

எதிர்த்தரப்பு வக்கீல், எந்த வருஷம் தொழிலுக்கு வந்தீர்கள் என்று கேட்டார். மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பிறகு மெதுவாக, 1986 ஆவணி என்றார். அப்படியானால் சுவரில் எழுதியது பொய்யா என்று கேட்டார். ஆமாம் என்றார். குடோன் காகிதத்தை ஜட்ஜ் வாங்கிப் பார்த்தார். பிறை மாதிரித் துளையைப் போட்டோவில் விரல் வைத்துக் காட்டச் சொன்னார். மாமா காட்டினார்.

அந்த வக்கீல் விடவில்லை. "பத்து வருஷம் தூத்துக்குடி மாவட்டம் பூரா பொய் எழுதியிருக்கீங்க, இல்லையா?" என்று குரலை உயர்த்தினார்.

"மாவட்டம் மட்டுமில்ல சார், ராமநாதபுரம் வரைக்கும்" என்றார் மாமா.

ஜட்ஜ் சிரித்துவிட்டார். நான் தலையைக் கையில் பிடித்துக்கொண்டேன் அத்தை. ராமநாதபுரத்துக்கு அவர் போனதே இல்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தீர்ப்பு இனிமேல்தான். ஆனால் சாயங்காலமே கடல்ராணி வக்கீல் எங்கள் வக்கீலைக் கூப்பிட்டு, அந்தப் போட்டோவைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம், சமாதானமாகப் பேசலாமா என்று கேட்டிருக்கிறார்.

வெளியே வந்ததும் மாமா நாலு இட்லி சாப்பிட்டார். ஒன்றும் பேசவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. பார்த்துக்கொள்ளுங்கள்.

சரண்யாதேவி


தூத்துக்குடி
24-09-2025

என் அருமை மருமகள் சரண்யாதேவிக்கு மாமா எழுதுவது.

எல்லாரும் சௌக்கியம். சமாதானம் ஆகிவிட்டது, கடல்ராணிக்காரர்கள் ஆறு மாதத்தில் சிப்பியை எடுத்துவிட எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்று நீ போனில் சொன்னதை உன் அத்தை ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே கேட்கவைத்தாள். குடோனில் இருக்கிற மிஷினையெல்லாம் இனி யாரும் சுரண்ட வேண்டாம். நிம்மதியாகத் தூங்கு.

கோர்ட்டில் நீ தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். ராமநாதபுரம் வாய் தவறி வந்துவிட்டது. சாயல்குடி வரை போனது உண்மை. சரி, போகவில்லை.

நேற்று என் ஸ்டிக்கர் கடைப் பலகையை இறக்கி "1983 முதல்" என்பதை அழித்துவிட்டு "1986 முதல்" என்று எழுதினேன். நாற்பது வருஷத்தில் அப்படி ஒரு ஆறை நான் எழுதியதில்லை, வளைவு ஒரே இழுப்பில் வந்தது. ஏணியிலிருந்து இறங்குவதற்குள் டீக்கடையிலிருந்து நாலு பேர் வந்துவிட்டார்கள்.

"என்ன அண்ணாச்சி, மூணு வருசத்தக் காணோம்?" என்று ஒருவன் கேட்டான்.

"எம் மருமவ கேட்டா, குடுத்துட்டேம்ல" என்றேன்.

உன் மாமா
செந்தூர்பாண்டி